கோழி டீச்சர்

படத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது கவிதாவுக்கு மனப்பாடம். வெள்ளைத் தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார். அது முடிந்ததும் ரிமோட்டை அழுத்த வேண்டும். விட்டால் நட்சத்திரக் கூட்டம் சுழல ஆரம்பித்துவிடும், வயலின் இழுக்கும், கடற்கரையில் ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடுவாள். எந்தப் படத்தைப் போட்டாலும் அந்தப் பெண் ஓடத்தான் செய்வாள். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று ஆரம்பிக்கிற படம் அரைமணி நேரத்தில் ஆத்மாவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கை உங்கள் கையில்தான் என்று சொல்லி முடித்துவிடும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இந்தப் படங்கள் ஓடின. நடத்துகிறவர் கலைச்செல்வன். ‘அகவிழி வாழ்வியல் மையம்’ என்று மஞ்சள் பேனர் கட்டியிருப்பார். இதற்கு முன்னால் அவர் இன்சூரன்ஸ் பிடித்தார், அதற்கும் முன்னால் காடை வளர்த்தார். எதை எடுத்தாலும் முழு மனதோடு எடுப்பார், விடும்போதும் முழு மனதோடு விட்டுவிடுவார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாயிலிருந்து வருகிற ‘குவாண்டம்’ என்ற சொல்லைக் கேட்டால் அதைக் கண்டுபிடித்தவர்கள் விழுவதற்குக் கிணற்றைத் தேடிப் போவார்கள்.

படங்களெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, நடந்ததைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கவிதா எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் பாடம் நடத்தி, கொரோனாவில் பள்ளி இழுத்து மூடப்பட்டபின் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். “நம்ம விஞ்ஞானி மேடம்” என்று கலைச்செல்வன் மைக்கில் அறிமுகப்படுத்துவார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எறையூரில் சர்க்கரை ஆலையாவது இருக்கிறது. விஞ்ஞானிக்குத்தான் மாவட்டம் முழுக்கத் தட்டுப்பாடு.

இதையெல்லாம் அவள் நம்பினாளா என்றால், நம்பவுமில்லை, நம்பாமலும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிற மாதிரி வேளைக்குப் பேசினாள். அரியலூரில் எட்டேகால் பஸ் ஏறுவாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒதுங்கி வழி விடாமல் முன்னால் போகும். மண்டபத்தில் சுக்குக் காப்பி குடிப்பாள், ரிமோட்டைக் கையில் எடுப்பாள். அவள் விளக்கத்தைக் கேட்டுக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களில் நாலு பேராவது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கவிதா அவர்களுக்குப் பின்னாலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெட்டிக்குள் பூனை என்று ஒரு கதை அந்தப் படங்களில் அடிக்கடி வரும். மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை, கூடவே ஒரு விஷக் குப்பி. குப்பி உடைந்தும் இருக்கலாம், உடையாமலும் இருக்கலாம். திறந்து பார்க்கிற வரைக்கும் பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்று கணக்கு. முதல் வாரம் கவிதா அதை அப்படியே சொன்னாள். இரண்டாவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். பூனையைக் கொன்றால் பொன்னில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் அந்தப் பாவம் தீராது என்று கேட்டு வளர்ந்த ஜனங்களிடம், காலங்கார்த்தாலே விஷத்தோடு பூனையை அடைத்துக் காட்டினால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அடுத்த வாரம் பூனையைக் கோழியாக்கினாள். “கோழிய பஞ்சாரக் கூடயப் போட்டுக் கவுத்துருக்கீங்க. உள்ள பாம்பு பூந்துச்சா பூரலயான்னு தெரியாது. பஞ்சாரத்தத் தூக்காத வரைக்கும் கோழி இருக்கு, இல்ல, ரெண்டுமே நெசம். நீங்க தூக்கிப் பாக்குற அந்த நிமிசத்துலதான் ஒன்னு முடிவாவுது” என்றாள். சபை அப்படியே அடங்கிப்போயிற்று. அதற்கப்புறம் எந்தப் படம் ஓடினாலும் “டீச்சர், அந்தக் கோழியச் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, வராதவர்களுக்கும் அவள் ‘கோழி டீச்சர்’ ஆகிவிட்டாள்.

அந்தக் கோழி அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்பு, அந்த மே மாதத்தில், அவள் அப்பா அரியமுத்துவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கவிதாவுக்கும் அம்மாவுக்கும் காய்ச்சல், இருவரையும் வீட்டை விட்டு வெளியே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததில் ஆம்புலன்ஸ் கதவுதான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் போன் வந்தது. பிளாஸ்டிக்கில் சுற்றி, பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, குழிக்குள் இறக்கிவிட்டார்கள். சித்தப்பா தூரத்தில் நின்று பார்த்தார். உள்ளே இருந்தது அரியமுத்துதானா என்று கேட்டால், சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது என்பார். முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. கவிதா அழவுமில்லை. அழாமல் இருக்க வேண்டும் என்று அவள் எதுவும் செய்யவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. காலாக இருந்தால் உதறிவிடலாம்.

ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் மேடையருகே வந்து நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பாள். எறையூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் சமையல் வேலை, பேர் செங்கமலம். வாரம் தவறாமல் வருகிறவள், ஒருநாளும் அழாதவள். அதனாலேயே கவிதாவுக்கு அவள் முகம் ஞாபகம் இருந்தது.

“டீச்சர், ஒன்னு கேக்கணுங்க. பஞ்சாரத்தத் தூக்காமலே இருந்தா என்னாவுங்க?”

“ஒன்னும் ஆகாதும்மா. ரெண்டும் அப்படியே இருக்கும்.”

“எத்தினி நாளைக்குங்க?”

ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டே கவிதா சொன்னாள். “எத்தன நாள் வேணும்னாலும்.”

செங்கமலம் தலையாட்டிவிட்டுப் போனாள். கவிதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியின் ஒரே மகன் அழகேசன் மஸ்கட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பால் செத்துப்போய், உடம்பு வருவதற்குக் காகிதங்கள் அலைந்துகொண்டிருக்கின்றன என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபோது அந்த அம்மாளின் தம்பி மண்டபத்து மாடிப்படியில் ஏறி வந்து நின்றிருந்தார்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், இரண்டு வாரம் கழித்து. சித்திரை வெயிலுக்கு மாடியில் மின்விசிறிகள் சூடான காற்றையே சுற்றிக்கொண்டிருந்தன. படத்தில் தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மேடைக்கு வந்தார்.

“நீங்கதான கோழி டீச்சரு?”

“ஆமாங்க.”

“நான் செங்கமலத்துக்குத் தம்பிங்க. கொளஞ்சி. அக்கா மவன் பாடி விடியக்காலம் வந்துட்டுதுங்க. திருச்சி ஏர்போட்லேருந்து நாந்தான் கொண்டாந்தேன். எங்க அக்கா பொட்டியத் தொறக்கக்கூடாதுங்குது. சரி, இருவத்தாறு நாளாச்சு, தொறக்காம அப்படியே எடுத்துரலாம்னா, எடுக்கவும் கூடாதுங்குது. பொட்டி மேல கைய வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கு. யாரு சொன்னதுன்னு கேட்டா, கோழி டீச்சரு சொன்னாங்கங்குது.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “என்னங்க சொன்னீங்க எங்க அக்காகிட்ட?”

கவிதா என்ன சொன்னாள் என்பதை அவளே ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். எத்தன நாள் வேணும்னாலும். பேட்டரியைக் கழற்றிக்கொண்டே சொன்னது.

கலைச்செல்வன் அவளை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். “மேடம், எழவு வூட்டுக்கெல்லாம் நாம போவ வேணாம். பத்து பேரு சேந்து மடக்குனா பதில் சொல்ல முடியாது. நாம பொதுவாத்தான் சொல்றோம், அவங்களா எடுத்துக்கிட்டா நாம என்ன பண்றது? நான் பேசி அனுப்புறேன்.”

“நான் பொதுவாச் சொல்லல சார். அவங்க கேட்டாங்க. அவங்களுக்குத்தான் சொன்னேன்.”

ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். படத்தை நிறுத்த யாரும் இல்லாமல் கடற்கரைப் பெண் ஓட ஆரம்பித்தாள்.

கொளஞ்சியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெட்டிய கரும்புக்காட்டில் காய்ந்த சோகைத் தழை எரிந்த கருப்பு தெரிந்தது, டிராக்டர்கள் எதிரே வந்தன. அடிப்பார்களா என்று யோசித்தாள். அடித்தால் அடிக்கட்டும் என்று தோன்றியது. ஒரே ஒரு கணக்குதான் மனதில் ஓடியது. அந்த அம்மாளைத் திறக்க வைக்க வேண்டும். தன் வாயால் மூடியதைத் தன் வாயாலேயே திறக்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அது நடக்கவில்லையென்றால் நாலு ஆண்கள் செங்கமலத்தின் கைகளைப் பிடித்து இழுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மகன் முகத்தைப் பார்க்காத தாயாக அவள் மீதிக் காலத்தை ஓட்டுவாள். அது எப்படி ஓடும் என்பது கவிதாவுக்குத் தெரியும்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அழுது ஓய்ந்த பெண்கள் கோபத்தோடு அவளைப் பார்த்தார்கள். “இதுவா அந்த டீச்சரு, பாத்தா சாதுவா இருக்கே” என்று ஒருத்தி சொன்னாள். “படிச்சவ குடுத்த புத்தியப் பாரு” என்றாள் இன்னொருத்தி. கவிதா அதைக் கேட்டுக்கொண்டே பந்தலுக்குள் போனாள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

பிளைவுட் பெட்டி இரண்டு பெஞ்சுகள் மேல் இருந்தது. மேலே இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதிய காகிதங்கள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டு, மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். சேலை கசங்கவில்லை, தலை கலையவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போலத்தான் இருந்தாள்.

“வாங்க டீச்சர்” என்றாள். “தண்ணி குடிச்சீங்களா?”

கவிதா தரையில் உட்கார்ந்தாள். வண்டியில் வரும்போது யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னாள்.

“அம்மா, நான் சொன்னது தப்பு. அது கண்ணுக்கே தெரியாத அணுவுக்குச் சொல்றது. அதுலயும் அந்தப் பூன கதைய, இப்படியெல்லாம் பெரிய பொருளுக்குச் சொல்ல முடியாதுன்னு கிண்டலாத்தான் ஒருத்தர் சொன்னாரு. நான் அத மாத்திக் கோழியாக்கி உங்ககிட்டச் சொல்லிட்டேன். மனுசங்களுக்கு அது கெடையாது. கோழிக்கும் கெடையாது. நீங்க தொறந்தாலும் தொறக்காட்டியும் உள்ள இருக்கறது மாறாது.”

செங்கமலம் அவள் பக்கம் திரும்பினாள்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றாள். “நாலு வயசுலேருந்து கோழி வளக்கறேன். பஞ்சாரத்துக்குள்ள பாம்பு பூந்தா கோழி கத்தும். கத்தலன்னா ஒன்னு பாம்பு வரல, இல்ல கோழி போயிடுச்சு. தூக்கிப் பாத்துத்தான் தெரியணும்னு இல்ல. எம்மவன் இருவத்தாறு நாளா போன் பண்ணல. ஒரு நாளைக்கி ரெண்டு தடவ பண்ற புள்ள. எனக்குத் தெரியாதா டீச்சர்?”

“அப்பறம் ஏம்மா…”

“நீங்க அந்தக் கதயச் சொல்றப்ப நான் கோழியக் கேக்க மாட்டேன். உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். அதச் சொல்ற ஆளுக்கே அது நெசமா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. எங்களுக்காவச் சொல்றாப்புல இல்ல. சரி, இவளும் எதயோ தொறக்காம வச்சிருக்கான்னு நெனச்சிக்கிட்டேன். அதுக்குத்தான் வாரா வாரம் வந்தேன். புள்ள செத்த சேதி வந்தப்பறமும் வந்தேன்.” கையை மூடிமேலிருந்து எடுக்காமலே குனிந்தாள். பேச்சிலிருந்த ‘ங்க’ போய்விட்டது. “உனக்கு யாரு கண்ணு?”

நான்கு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர்களெல்லாம் எப்படி இருக்கீங்க என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

“அப்பா” என்றாள் கவிதா.

“மூஞ்சி பாத்தியா?”

“இல்லம்மா. கொரோனா. சுத்தித்தான் குடுத்தாங்க.”

“வாய்க்கரிசி?”

கவிதா இல்லையென்று தலையாட்டினாள். பெண்களில் ஒருத்தி ‘ச்சு’ என்றாள். வாசலில் திட்டியவள்தான்.

செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மூடிமேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

“கொளஞ்சி, ஆணியப் புடுங்கு” என்றாள்.

கொளஞ்சி கடப்பாரை தேடி ஓடினார். செங்கமலம் கவிதாவைப் பிடித்து எழுப்பினாள். “நீ இங்க நில்லு. நான் தனியாப் பாக்க மாட்டேன். நீயும் பாக்காதவ. சேந்து பாப்போம்.”

ஒவ்வொரு ஆணியும் கிரீச்சிட்டு வெளியே வந்தது. மூடியைத் தூக்கியதும் மருந்து நாற்றம் பந்தலை நிறைத்தது, ஆண்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். உள்ளே வெள்ளைத் துணி. கொளஞ்சி அதை விலக்கினார். முகம் கருத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. மீசை ஒழுங்காக வெட்டியிருந்தது, ஒரு புருவத்தில் பழைய தழும்பு இருந்தது. கவிதா கண்ணை மூடவில்லை. முன்பின் தெரியாத ஒருவனுடைய முகத்தை அவள் முழுதாகப் பார்த்தாள்.

“எளச்சிட்டான்” என்றாள் செங்கமலம். அவ்வளவுதான் சொன்னாள். புருவத்துத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினாள். அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அடங்கிக் கிடந்த எழவு வீடு ஒரே நிமிடத்தில் மறுபடியும் எழவு வீடானது.

கவிதா பெட்டிக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றாள். அவளுக்கு இப்போதும் அழுகை வரவில்லை. வந்த வேலை முடிந்தது, போகலாம் என்று நினைத்தாள். யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. எழவு வீட்டில் போயிட்டு வரேன் என்றும் சொல்லக்கூடாது.

வாய்க்கரிசிக்கு முறத்தில் அரிசி வந்தது. செங்கமலம் மூன்று தடவை போட்டாள். கொளஞ்சி போட்டார். அத்தை முறைக்காரிகள், பங்காளிகள் ஒவ்வொருவராகச் சுற்றிவந்து போட்டார்கள். வரிசை முடிந்ததும் செங்கமலம் முறத்தை வாங்கிக் கவிதாவிடம் நீட்டினாள். அழுது அழுது அதற்குள் குரல் கட்டிப்போயிருந்தது.

“போடு.”

“நான் சொந்தம் இல்லீங்களே.”

“இவனுக்குப் போடச் சொல்லல. உங்கப்பாவுக்குப் போடு. அங்கதான போறான். எம்மவன் கொண்டுபோயிக் குடுத்துருவான். குடுத்த சாமான ஒரு நாளும் மறந்தது கெடயாது அவன்.”

அப்படி ஒரு முறை உண்டா இல்லையா என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை. கவிதா கை நிறைய அரிசி அள்ளினாள். அழகேசனின் மூடிய உதட்டின்மேல் அதை விட்டாள். பாதி உதட்டில் தங்கியது, பாதி கழுத்துப் பக்கம் சரிந்தது. கொடுத்துவிட்டால் போதுமா, யாரிடம் சேர்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? அவன் காதருகே குனிந்தாள்.

“அரியமுத்துன்னு பேருங்க” என்றாள். “அரியலூரு. கொஞ்சம் உசரமா இருப்பாரு. எடது காலத் தாங்கித் தாங்கி நடப்பாரு, கூட்டத்துல நின்னாலும் தெரியும். பேப்பரு எங்க கெடந்தாலும் எடுத்துப் படிச்சிக்கிட்டு நிப்பாரு. காது சரியா கேக்காதுங்க, கிட்டப் போயிச் சொல்லணும். கவிதா குடுத்துச்சுன்னு சொல்லுங்க. கவிதாவால அன்னிக்கு வர முடியலன்னு…”

அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அவள் அழுதாள். பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, ஊரே கேட்கும்படி அழுதாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்பது நான்கு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.